யாருடைய கோடை?
போருக்குப் பிந்தைய ஆங்கில நாட்டுப்புறமும் பள்ளி விடுமுறை என்னும் கதையாடலும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் பள்ளிக்குப் போன தலைமுறை இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தத் தலைமுறை எழுதிய தன்வரலாறுகளில் ஒரு கோடை விடுமுறை தவறாமல் வரும். ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுக் காலையில் சைக்கிளில் கிளம்புகிற பிள்ளைகள் பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்புவார்கள். நடுவில் ஓர் ஓடை, வைக்கோற்போர், ஏறுவதற்கு ஒரு மரம், யாரோ ஒரு விவசாயியின் நாய். பெரியவர்கள் யாரும் தேட மாட்டார்கள். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். (ஆங்கிலக் கோடையில் எத்தனை நாள் வெயில் அடிக்கும் என்று அங்கே இருந்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள்.)

இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல என் வாதம். ஆயிரம் பேர் ஒரே மாதிரி நினைவுகூர்கிறபோது அங்கே செயல்படுவது நினைவு மட்டுமல்ல, ஓர் இலக்கிய வகைமையும்கூட. அதனால் இந்த விடுமுறையை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. வைக்கோற்போர் இருக்கிறது, போரடித்தவன் எங்கே? வேலி இருக்கிறது, வேலி யாருடையது? இப்படிக் கேட்டதும் அந்தப் படத்தில் கீறல் விழத் தொடங்குகிறது.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய 'கிராமமும் நகரமும்' நூலில் இதற்கொரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் 'நல்ல பழைய கிராமம் இப்போதுதான் அழிந்தது, என் சிறுபிராயத்தில்கூட இருந்தது' என்கிறது. அந்தச் சிறுபிராயத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே இருப்பவர்கள் தங்கள் சிறுபிராயத்தைக் காட்டுகிறார்கள். நகரும் படிக்கட்டு போல இது பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. வில்லியம்ஸ் வேல்ஸ் எல்லையில் ரயில்வே சிக்னல்காரருக்குப் பிறந்தவர். கிராமத்தைப் பார்க்க வந்தவராக அல்லாமல் கிராமத்திலிருந்து போனவராக எழுதியவர். அந்த இட வித்தியாசம் இல்லாமல் அந்த நூல் இல்லை.

ஆனால் வில்லியம்ஸ் அதிகம் தொடாத ஓர் இடம் குழந்தை. குழந்தைமை என்பதே வரலாற்றில் கட்டப்பட்டது என்று ஃபிலிப் ஆரியே 1960இல் சொல்லிவிட்டார். குழந்தைகளுக்கான கதை என்பது பெரியவர்களின் விருப்பத்தின் மேல் எழுந்த கட்டடம் என்று ஜாக்குலின் ரோஸ் 1984இல் பீட்டர் பான் பற்றிய தம் நூலில் காட்டினார். இவற்றோடு கிராமப் பழம்பெருமையையும் சேர்த்துப் பார்த்தால் 'நாட்டுப்புற விடுமுறை' இரட்டைப் பூட்டுப் போட்ட பெட்டி என்பது தெரியும். கிராமமும் அப்பாவி, குழந்தையும் அப்பாவி. கேள்வி கேட்பவன்தான் குற்றவாளி!

சரி, பெட்டியைத் திறப்போம். முதலில் கையில் கிடைப்பது ஈனிட் பிளைட்டன். 1942இலிருந்து 1963 வரை அவர் எழுதிய 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசை 21 நூல்கள். ஈஸ்டர், கோடை, கிறிஸ்துமஸ் என்று விடுமுறைகள் வந்துகொண்டே இருக்கும், பிள்ளைகளுக்கு வயது மட்டும் ஏறவே ஏறாது. நான்கு பிள்ளைகளும் உறைவிடப் பள்ளிகளில் படிப்பவர்கள். இது சும்மா ஒரு கதைத் தகவல் அல்ல. உறைவிடப் பள்ளிப் பிள்ளைக்குத்தான் விடுமுறை என்பது இடம் மாறுதல், பெற்றோரைப் பார்த்தல், வேறொரு வாழ்க்கை. தெருமுனைப் பள்ளிக்குப் போய்விட்டு மாலையில் அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கித் தரும் பிள்ளைக்கு விடுமுறை என்றால் பள்ளி இல்லை, அவ்வளவுதான். 1944 கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. 1947இல் கட்டாயக் கல்வி வயது 15 ஆனது. அந்தச் சட்டத்தின் பிள்ளைகள் இந்தக் கதைகளில் அநேகமாக ஓரத்தில்தான் வருகிறார்கள், சமையல்காரியின் உறவாகவோ மீனவச் சிறுவனாகவோ.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணை வீட்டுக்காரியின் பன்றித் தொடைக்கறி, முட்டை, க்ரீம், புதிதாகச் சுட்ட ரொட்டி. இந்த நூல்கள் வெளிவந்த காலத்தில் பிரிட்டனில் ரேஷன். முட்டை பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. போர்க்காலத்தில்கூட ரேஷனுக்கு வராத ரொட்டி 1946 ஜூலையிலிருந்து 1948 ஜூலை வரை ரேஷனில் இருந்தது. மிட்டாய்க்கு 1953 பிப்ரவரியில்தான் விடுதலை. இறைச்சியோடு ரேஷனே முடிந்தது 1954 ஜூலையில். ஆகவே அந்த விருந்துகள் விடுமுறையின் வர்ணனை அல்ல, பசியின் எழுத்து. படித்த பிள்ளைகளுக்கு அப்போது அது தெரியும். நினைவுகூர்கிற முதியவர்களுக்குத்தான் மறந்துவிடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த ஐவரும் இஞ்சி பியரை வாரி வாரிக் குடித்ததாக எல்லோரும் சொல்லும் புகழ்பெற்ற சொற்றொடர் பிளைட்டனுடையதே அல்ல. 1982 நவம்பர் 2ஆம் தேதி, சேனல் ஃபோர் தொடங்கிய இரவில் ஒளிபரப்பான ஒரு கேலி நாடகத்தினுடையது. நையாண்டி செய்தவனின் வாசகத்தை மூலம் என்று நினைவு வைத்திருக்கிறது ஒரு சமூகம். பழம்பெருமை எப்படித் தயாராகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஐவரில் ஜார்ஜ் என்று தன்னை அழைக்கச் சொல்லும் பெண் பிள்ளை பற்றிப் பெண்ணியர்களும் பால் அடையாளத்தைக் கட்டுடைப்பவர்களும் நிறையச் சொல்லியாகிவிட்டது. நான் சொல்ல விரும்புவது வேறு. ஜார்ஜுக்குச் சொந்தமாக ஒரு தீவு இருக்கிறது, கோட்டையோடு. முதல் கதையிலேயே அங்கே தங்கக் கட்டிகள் கிடைக்கின்றன. சாகசம் என்பது இங்கே உடைமையைக் காப்பது. அந்நியர் நுழைந்தால் பிடித்துக் கொடுப்பது. அந்நியர் யார்? கடத்தல்காரர், சர்க்கஸ்காரர், கரடுமுரடாகப் பேசுபவர், ஜிப்ஸி. 1950இல் வந்த 'ஃபைவ் ஃபால் இன்டு அட்வென்ச்சர்' கதையில் ஜோ என்ற நாடோடிச் சிறுமி வருகிறாள். அவள் ஜார்ஜைப் போலவே இருக்கிறாள். ஒரே முகம், ஒரே முரட்டுத்தனம். ஒருத்திக்குத் தீவு, ஒருத்திக்கு அழுக்கு. பிளைட்டன் தம்மை அறியாமல் எழுதிவிட்ட வர்க்கச் சித்திரம் அது.

எங்கள் ஊர் வாடகை நூல் நிலையத்தில் இந்த நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. ஸ்கோன் என்றால் என்ன வடிவம் என்றே தெரியாமல் அதற்கு நாக்கில் நீர் ஊறியவர்கள் நாங்கள். காலனியம் போன பிறகும் காலனியக் குழந்தைமை இங்கே தமிழகத்து ஆங்கிலவழிப் பள்ளிகளில் குடியிருந்தது. கறுத்த முகமுள்ளவன் வந்தாலே சந்தேகப்படச் சொல்லும் கதையைக் கறுத்த முகத்தோடு உட்கார்ந்து படிக்கிற அனுபவம் இருக்கிறதே, அதை ஃபனான் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆர்தர் ரான்சமின் 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' 1930இல் வந்தது. போருக்குப் பின்னும் அதே வேகத்தில் படிக்கப்பட்டது. அதில் ஏரிக்கரைப் பிள்ளைகள் தங்களை நாடு கண்டுபிடிப்பவர்களாக வைத்துக்கொண்டு அங்கே குடியிருக்கும் பெரியவர்களை 'நேட்டிவ்கள்' என்கிறார்கள். அப்பா கடற்படை அதிகாரி, ஹாங்காங் போகும் கப்பலில். விளையாட்டுத்தான், ஆனால் எந்த விளையாட்டு என்று கேட்காமல் இருக்க முடியுமா?

இதுவரை சொன்னது எளிதான பகுதி. நடுத்தர வர்க்கப் பிரதியில் உழைப்பு மறைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டுவது நம் வட்டாரத்தில் இப்போது கைப்பழக்கம் ஆகிவிட்டது. சிக்கல் கென்ட் மாவட்டத்தின் ஹாப் தோட்டங்களில் தொடங்குகிறது.

ஹாப் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற கொடி. உயரக் கம்பிகளில் படரவிட்டு ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் பூக்கதிர்களைப் பறிப்பார்கள். இயந்திரம் வருவதற்கு முன் இதற்கு ஏராளமான கை வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கை கிழக்கு லண்டனிலிருந்து வந்தது. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலும் தாய்மார், பாட்டிமார், பிள்ளைகள். அதிகாலையில் லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து அவர்களுக்கென்றே மலிவுக் கட்டண ரயில்கள். சட்டி பானை, போர்வை, தேயிலை எல்லாவற்றையும் ஒரு பெரிய பெட்டியில் அடைத்துக்கொண்டு போவார்கள். தோட்டத்தில் தகரத்திலோ பலகையிலோ செங்கல்லிலோ கட்டிய ஒற்றை அறைக் கொட்டகை, படுக்க வைக்கோல், எரிக்க விறகுக்கட்டு. அறைக்குச் சுவரொட்டித் தாள் ஒட்டித் திரைச்சீலை கட்டி வீடாக்கிக்கொள்வது பெண்களின் வேலை. புருஷன்மார் சனி ஞாயிறு வந்து போவார்கள்.

கூலி புஷல் கணக்கில். இத்தனை புஷலுக்கு ஒரு ஷில்லிங் என்று தோட்டக்காரன் பேசுவான். அளப்பவன் கூடையில் ஹாப்பை அமுக்கி அளந்தால் இரண்டு கூடை ஒன்றாகிவிடும். இதற்காகச் சண்டை, வேலைநிறுத்தம் எல்லாம் நடந்திருக்கின்றன. பணம் பருவம் முடிந்த பிறகுதான். நடுவில் தேவைப்பட்டால் முன்பணம் வாங்கிக் கழித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கவிழ்த்த குடையிலோ பழப் பெட்டியிலோ பறித்துப் போட வேண்டும். அது நிறைந்த பிறகு ஓடலாம் – ஓடைக்கு, ஆப்பிள் தோட்டத்தில் திருடுவதற்கு. உள்ளூரில் இவர்களுக்கு என்ன மரியாதை? கடைக்காரர்கள் கல்லாவுக்கு முன் கம்பி வலை அடித்தார்கள். சில மதுக்கடைகளில் தம்ளருக்கு முன்பணம் கேட்டார்கள். சிலவற்றில் ஹாப் பறிப்பவர்களுக்கும் ஜிப்ஸிகளுக்கும் இடமில்லை என்று எழுதியே வைத்தார்கள்.

1931இல் ஆர்வெல் இங்கே வந்து பறித்துப் பார்த்து எழுதினார். போருக்குப் பின்னும் 1950கள் முழுக்க இது தொடர்ந்தது. செப்டம்பரில் கிழக்கு லண்டன் வகுப்பறைகளில் பெஞ்சு காலியாக இருக்கும். கென்ட்டின் ஹாப் வட்டாரங்களிலோ பள்ளி விடுமுறையையே பறிப்புக்குத் தோதாக மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

இதை அந்தப் பெண்கள் என்னவென்று அழைத்தார்கள்? 'எங்க விடுமுறை' என்று. பதிவு செய்யப்பட்ட வாய்மொழி வரலாறுகளில் திரும்பத் திரும்ப இதே சொல். விரல் கறுத்துப்போகும், கொடியின் முள் கையைக் கீறும், மழையில் சேற்றில் நிற்க வேண்டும். ஆனாலும் விடுமுறை.

இங்கேதான் நம் கைப்பழக்கம் உதவாமல் போகிறது. 'பொய் உணர்வுநிலை' என்று ஒரு வார்த்தையில் முடிக்கிற தோழர்கள் உண்டு. முதலாளி உழைப்பை விடுமுறை என்று பெயர் மாற்றினான், இவர்கள் நம்பினார்கள் என்பார்கள். பாதி உண்மைதான். விடுமுறை என்ற பெயர் கூலியைக் கீழே வைத்திருக்க உதவியது. காற்றும் வெயிலும் கூலியில் சேர்க்கப்பட்டன. சம்பளத்தோடு விடுமுறைக்கான சட்டம் 1938இல் வந்தும் அது இந்தத் தாய்மாருக்கு என்ன தந்தது? வீட்டு வேலைக்கு ஏது சம்பளத்தோடு லீவு?

மீதிப் பாதியை அவர்களிடமிருந்துதான் கேட்க வேண்டும். குண்டு விழுந்து இடிந்த தெருவிலிருந்து சில வாரம் வெளியே வருதல். தினமும் புருஷன் முகத்தைப் பார்க்காமல் இருத்தல். அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் ஒரே அடுப்படியில் சமைத்தல். கடைசி நாளில் தன் கையில் வந்து விழுகிற காசு. அதில்தான் பிள்ளைகளுக்குக் குளிர்காலச் செருப்பு. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் அவர்கள் விடுமுறை என்றார்கள். பிளைட்டனின் விடுமுறை உழைப்பு இல்லாத நேரம். இவர்களின் விடுமுறை உழைப்பின் மேல் தங்களுக்குக் கொஞ்சம் பிடி இருந்த நேரம். ஒரே சொல்லை இரண்டு வர்க்கங்கள் இரண்டு மொழிகளில் பேசுகின்றன. ஒன்றை அசல் என்றும் மற்றதை ஏமாற்று என்றும் தீர்ப்பு எழுத நமக்கு என்ன அதிகாரம்?

கிராமத்துப் பிள்ளைகள் நிலைமை இன்னும் வேறு. உருளைக்கிழங்கு பொறுக்குவது, ரோஜாப்பழம் சேர்ப்பது (அதிலிருந்து வைட்டமின் சி பாகு காய்ச்சினார்கள், போரில் தொடங்கிய வேலை, எடைக்குக் காசு என்று பிறகும் நீடித்தது). அறுவடை நாளில் இயந்திரம் வயலைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் ஒரு துண்டு கதிர் மட்டும் நிற்கும்போது பிள்ளைகள் தடியோடு காத்திருப்பார்கள். உள்ளே ஒண்டியிருந்த முயல்கள் வெடித்து ஓடும். அடித்தால் அன்றைக்குக் கறி. இறைச்சி ரேஷனில் இருந்த காலத்தில் இது விளையாட்டா வேலையா என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை. 1953இல் மிக்ஸமடோசிஸ் நோய் வந்து ஓரிரு ஆண்டுகளில் பிரிட்டனின் முயல்களில் பெரும்பகுதியை அழித்தது. கூட்டு அறுவடை இயந்திரங்கள் பெருகின. 1947 விவசாயச் சட்டம் விலை உத்தரவாதம் தந்ததும் உற்பத்திதான் மந்திரம் ஆயிற்று. வயலைப் பெரிதாக்கப் புதர்வேலிகளைப் பிடுங்கினார்கள். பிள்ளைகள் ஒளிந்த புதர் போனதற்குக் காரணம் 'காலம்' அல்ல, கொள்கை. நினைவோடை எழுதுகிறவர்கள் காலத்தைத்தான் திட்டுவார்கள்.

பயமில்லாத காலம் என்கிறார்களே, அதுவும் இப்படித்தான். 1947 கோடையில் இளம்பிள்ளை வாதம் பரவியது. 7,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நீச்சல் குளங்களை மூடினார்கள். தடுப்பூசி வந்தது 1956இல். அதுவரை ஒவ்வொரு கோடையும் தாய்மாருக்கு வயிற்றில் நெருப்பு.

கரோலின் ஸ்டீட்மன் தெற்கு லண்டன்காரர், 1947இல் பிறந்தவர். லங்காஷர் நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த தம் தாயைப் பற்றி 1986இல் எழுதிய 'லேண்ட்ஸ்கேப் ஃபார் எ குட் உமன்' என்ற நூலில் ஒரு சம்பவம் வருகிறது. மிகச் சிறு பிள்ளையாக அப்பாவோடு ஒரு காட்டுக்குப் போகிறார். ப்ளூபெல் பூத்திருக்கிறது. அப்பா ஒரு கைப்பிடி பறிக்கிறார். காட்டுக் காவலன் வருகிறான், அதட்டுகிறான், அப்பாவின் கையிலிருந்து பூவைப் பிடுங்கித் தரையில் எறிகிறான். அப்பா ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறார். தகப்பனின் அதிகாரம் வீட்டு வாசலுக்கு வெளியே செல்லாது என்பதை ஒரு பெண் குழந்தை அங்கே தெரிந்துகொள்கிறது. 'நாட்டுப்புறத்தில் ஒரு நாள்' என்ற அதே வகைமைதான். ஆனால் வெயிலுக்குப் பதிலாக அவமானம். தந்தைமையை வானத்திலிருந்து இறங்கிய சட்டமாகப் பார்க்கும் உளப்பகுப்பாய்வுக்காரர்கள் இந்தக் கைப்பிடிப் பூவுக்குப் பதில் சொல்ல வேண்டும். வர்க்கத்தை ஆலை வாசலில் மட்டும் தேடும் நம்மவர்களும்தான்.

இன்று பசுமை இயக்க நண்பர்கள் 'காவலன் செய்தது சரி, ப்ளூபெல் பாதுகாக்கப்பட வேண்டிய செடி' என்று சொல்லக்கூடும். 1981 வனவுயிர்ச் சட்டப்படி நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச் செடிகளைப் பிடுங்குவது குற்றம். 1998இல் காட்டு ப்ளூபெல்லை விற்பதற்கும் தடை வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் போருக்குப் பின் அந்தப் பழங்காடுகளைப் பெரும் பரப்பில் வெட்டி ஊசியிலை மரத் தோப்பாகவும் உழுநிலமாகவும் மாற்றியது யார்? அரசின் வனத்துறையும் மானியம் வாங்கிய நிலவுடைமையாளர்களும். அவர்கள் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கி எறியவில்லை. சூழல் காப்பு யாரைக் கண்டால் அதட்டுகிறது, யாரைக் கண்டால் கடிதம் எழுதுகிறது என்பது நமக்கும் பழக்கமான விஷயம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போடு என்று நான் சொல்லத் தயாரில்லை. அராஜகச் சிந்தனையாளர் கோலின் வார்ட் 1978இல் 'நகரத்தில் குழந்தை' என்றும் 1988இல் 'கிராமத்தில் குழந்தை' என்றும் இரண்டு நூல்கள் எழுதினார். பிள்ளைகள் பெரியவர்களின் கண்காணிப்பு இல்லாமல் ஓர் இடத்தைத் தமதாக்கிக்கொள்வது ஓர் அரசியல் பிரச்சினை என்றார். அவரை வாசித்தால் அந்த நினைவோடைகளில் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. 1971இல் இங்கிலாந்தில் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதமாக விழுந்தது என்கிறது ஒரு புகழ்பெற்ற ஆய்வு. கார் தின்ற சுதந்திரம் அது. நடந்தே போகிற ஏழைப் பிள்ளைக்கு இழப்பு அதிகம். ஆக, சைக்கிளில் போய் இருட்டித் திரும்பிய அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சுதந்திரத்தைத் 'தேசத்தின் இயல்பு' என்று விற்பவர்களோடுதான் என் சண்டை. 'எங்கள் பழைய இங்கிலாந்து' என்று அவர்கள் சொல்லும்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

கயானாவில் 1953இல் பிறந்து சிறு பிள்ளையாக இங்கிலாந்து வந்த இன்க்ரிட் போலார்ட் 1980களின் இறுதியில் 'பாஸ்டரல் இன்டர்லூட்' என்ற புகைப்பட வரிசையை வெளியிட்டார். ஏரி மாவட்டத்தின் புல்வெளிகளில் கறுப்பு மனிதர்கள். கீழே சிறு குறிப்புகள். நாட்டுப்புறம் அவர்களுக்கு ஓய்வாக இல்லை, ஒருவித அச்சமாகவே இருக்கிறது. ரான்சமின் பிள்ளைகள் 'நேட்டிவ்' விளையாட்டு ஆடிய அதே ஏரிகளுக்குப் பக்கத்தில் அவர் காமிராவை வைத்தார் என்பது தற்செயலா என்று எனக்குச் சந்தேகம். உண்மையான 'நேட்டிவ்' வந்து சேர்ந்ததும் நிலக்காட்சி முகம் சுளிக்கிறது.

நிலத்தில் கால் வைக்கும் உரிமைக்கான போராட்டம் தனி வரலாறு. 1932இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளர் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள். சிலர் சிறை போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம், 1951இல் முதல் பூங்காக்கள், 2000இல் திறந்த நிலங்களில் நடக்கும் உரிமை. அந்த உரிமையும் இங்கிலாந்து நிலத்தில் 8 சதவீதம் அளவுக்குத்தான் செல்லும். டார்ட்மூரில் பிள்ளைகள் முதுகுப்பையோடு போய்க் கூடாரம் அடிப்பது நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கால் 2023இல் தடைப்பட்டது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கூடாரம் அடித்துத் தூங்குவது 'திறந்தவெளிப் பொழுதுபோக்கு' என்ற சொற்றொடருக்குள் அடங்குமா அடங்காதா என்று வாதாடினார்கள். 2025 மே மாதம் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது.

கென்ட்டில் 1960களில் பறிக்கும் இயந்திரங்கள் வேலையை முடித்துவிட்டன. ஹாப் உலர்த்திய கூம்புக் கூரைக் கட்டடங்கள் பல இன்று வசதி படைத்தவர்களின் வீடுகள். சிலவற்றை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பறித்தவர்கள் தங்கிய கொட்டகைகளில் பெரும்பாலானவை இடிந்துவிட்டன. ஒன்றிரண்டை அருங்காட்சியகங்களில் திரும்பக் கட்டி, வைக்கோல் பரப்பி, சுவரொட்டித் தாளும் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.